எந்த லேசர்? குமரி மாவட்டத்தில் கண் அறுவைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பெரியம்மைக்குக் கண்ணில் புரை அறுவை முடிந்து இரணியல் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சாயங்காலம், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதைதான். "லேசர்ல எடுத்தாச்சு மக்கா, கத்தி ஒண்ணும் வைக்கல்ல." கையில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டில் 'பேக்கோ' என்று எழுதியிருந்தது. பேக்கோ என்றால் ஒலி அதிர்வால் புரையை உடைத்து எடுப்பது, அதில் லேசர் கிடையாது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் "லேசர் பேக்கேஜ்" என்று சொல்லிப் பணம் வாங்கியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டினேன். அறுவை நன்றாகத்தான் நடந்தது, பெரியம்மைக்குப் பார்வையும் வந்தது. ஆனாலும் எதற்குக் காசு கொடுத்தோம் என்றே தெரியாமல் கொடுத்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் தெருவில் யாருக்காவது கண் காட்டவேண்டும் என்றால் என்னைத் துணைக்குக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தும், டாக்டர்களைக் கேள்வி கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கண் ஆஸ்பத்திரியில் லேசர் என்ற சொல்லுக்குக் குறைந்தது நாலு அர்த்தம் உண்டு. கண்ணாடியைக் கழற்றுவதற்காக, கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியைச் செதுக்குவது ஒன்று. லாசிக் என்பது இதுதான். புரை அறுவையில் கீறல் போடுவது, லென்ஸைத் துண்டாக்குவது போன்ற சில படிகளை மட்டும் ஃபெம்டோ லேசரால் செய்வது இரண்டாவது. புரை எடுத்துச் சில மாதமோ வருடமோ கழித்து, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கினால் அதில் ஓட்டை போடும் யாக் லேசர் மூன்றாவது. நாலாவது, சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு அங்கே கசியும் ரத்தக்குழாய்களைச் சுடுவது. நாலுக்கும் நோய் வேறு, மெஷின் வேறு, காசும் வேறு. அதனால் யாராவது லேசர் என்றால், "கண்ணில் எந்த இடத்தில் படும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தாலே எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

புரையா, சதையா, பூவா?

நம் ஊரில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவார்கள். புரை என்பது கருவிழிக்கும் கண் பாப்பாவுக்கும் பின்னால், கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. சதை என்பது வெள்ளை விழியிலிருந்து கருவிழியின் மேல் முக்கோணமாக ஏறி வளர்வது. வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடப்பவர்களுக்கு இது வரும். குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் பார்த்திருப்பீர்கள். பூ விழுவது என்றால் காயமோ புண்ணோ ஆறிக் கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுவது. சதையை எடுப்பது தனி அறுவை. பூவுக்குச் சிலசமயம் கருவிழி மாற்றவேண்டி வரும். புரை அறுவை செய்தால் பூ போகாது. "கண்ணுல என்னமோ வளருது" என்று சொல்லாமல் எது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரைக்கு வலி இருக்காது. பார்வை பனிமூட்டம் போலாகும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கூசும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் நிலா இரண்டாகத் தெரியும். கண்ணாடிப் பவர் அடிக்கடி மாறும். சிலருக்கு இதெல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரை கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்க முடியாதவர் திடீரென்று வாசிப்பார். பார்வை திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படுவார். லென்ஸ் கெட்டியாகி மைனஸ் பவர் ஏறியதால் வந்த தற்காலிகத் தெளிவு அது.

சொட்டு மருந்தால் புரை கரையாது. தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப்பூச் சாறு எதுவும் கரைக்காது. கருவிழியில் புண் வந்தால்தான் மிச்சம். புரைக்கு வழி அறுவை ஒன்றே.

"பழுத்த பிறகு எடுத்தால் போதும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. அப்போது லென்ஸை முழுசாகப் பிதுக்கி எடுத்தார்கள், பழுத்திருந்தால் வசதி. இப்போது நேர் எதிர். பழுக்கப் பழுக்கக் கல்லாகும், உடைப்பது கஷ்டம். ரொம்பவும் முற்றினால் கண் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வையே போகலாம். நம் வேலைக்குத் தடையாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ரோடு தாண்டப் பயம், அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, பஸ் போர்டு தெரியவில்லை என்றால் போய்க் காட்டுங்கள்.

எங்கே போவது?

காசு பெரிய பாடாக இருப்பவர்கள் முதலில் அரசு ஆஸ்பத்திரியைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவு இருக்கிறது. தக்கலையிலும் பெரிய அரசு ஆஸ்பத்திரி உண்டு. 1976இல் மத்திய அரசு தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், அரசு ஆஸ்பத்திரிகளில் புரை அறுவையும் உள்ளே வைக்கும் லென்ஸும் இலவசம். ஊர்களில் பள்ளிக்கூடத்திலும் கோயில், சர்ச் மண்டபங்களிலும் நடக்கும் கண் முகாம்களில் பல, இதே திட்டத்தோடு சேர்ந்தவை. முகாமில் பரிசோதனை மட்டும் நடக்கும். அறுவைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போவார்கள், போகவேண்டும். ஏதோ ஒரு ஹாலில் வைத்தே அறுவை என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தனியார் கண் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கிழக்குப் பக்கத்து ஜனங்கள் வடசேரியில் பஸ் ஏறித் திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது பல வருடப் பழக்கம். அங்கே பணம் கட்டுகிற பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரி கிட்டம். எங்கே போனாலும் ஒன்றை யோசியுங்கள். அறுவை ஒரு நாள் வேலை, ஆனால் அதற்கப்புறம் மூன்று நாலு தடவையாவது காட்டப் போகவேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கண் வலித்தால் எங்கே ஓடுவது என்பதையும் சேர்த்து வைத்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், வயதான, தனியாக இருக்கிறவர்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியே மேல்.

முதல் நாள்

ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பாப்பா விரிவதற்குச் சொட்டு விடுவார்கள். நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் ஒன்றும் தெரியாது, வெயில் கூசும். பைக் ஓட்டிக்கொண்டு தனியாகப் போகவேண்டாம்.

வீட்டில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "சுகருக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகேன்" என்று வாயால் சொன்னால் போதாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லவேண்டும். ஆண்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. மூத்திரம் சரியாகப் போகவில்லை, புராஸ்டேட் வீக்கம் என்று டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அறுவையின்போது பாப்பா விரிந்து நிற்காமல் தளர்ந்து சுருங்கும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்களும் சொல்லியாகவேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். மூத்திரத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் தெரு பாட்டா ஒருவர் மறைத்துவிட்டார். பையில் இருந்த அட்டையைப் பார்த்து நர்ஸ்தான் கண்டுபிடித்தார்.

எழுத்துப் பலகை, கண் அழுத்தம், கண்ணீர்க் குழாய் அடைப்பு, விழித்திரை, ரத்தச் சர்க்கரை, பிரஷர், ஈசிஜி என்று வரிசையாகச் சோதனை நடக்கும். இதில் முக்கியமானது கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பது. உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் இந்த அளவிலிருந்துதான் வருகிறது. அளக்கும்போது தலையை ஆட்டாமல் இருங்கள். விழித்திரை கெட்டிருந்தால் புரை எடுத்தும் பார்வை முழுசாக வராது. அதனால் "எடுத்த பிறகு எவ்வளவு தெரியும்?" என்று அறுவைக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

எந்த முறை?

பேக்கோவில் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் கீறல் வழியாக ஒரு ஊசியை உள்ளே விட்டு, ஒலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சுகிறார்கள். 1967இல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் செய்துகாட்டியது. பல் டாக்டர் காறை எடுக்கும் அதிர்வுக் கருவியைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. பெரியம்மைக்குச் செய்ததும் இதுவே.

தையலில்லாச் சிறு கீறல் முறையில் கீறல் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். லென்ஸின் நடுக்கருவை உடைக்காமல் கையாலேயே வெளியே எடுப்பார்கள். முகாம் வழியாகப் போகிறவர்கள் பலருக்கும் இதுதான். மட்டம் என்று நினைக்கவேண்டாம். கல்லாக முற்றிய புரைக்குப் பல டாக்டர்கள் இதையே விரும்பிச் செய்கிறார்கள். பார்வையும் நன்றாக வரும். ஃபெம்டோ லேசர் சேர்த்தால் கீறல் இன்னும் துல்லியம், செலவும் கூடுதல். சாதாரணப் புரைக்கு அதனால் பார்வை பெரிதாகக் கூடிவிடாது. கையில் காசு மிஞ்சினால் யோசிக்கலாம், கடன் வாங்கிச் செய்ய வேண்டிய காரியம் இல்லை.

எந்த லென்ஸ்?

பேரம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

உள்ளே லென்ஸ் வைக்கும் கதையே போரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டு விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அதை வெறுக்காமல் வைத்துக்கொண்டதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். நெடுநாள் அது விலை கூடிய வெளிநாட்டுச் சரக்காகவே இருந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த்காரர்களின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் தொடங்கிய பிறகு விலை நம் கைக்கு வந்தது. ஆகவே உள்நாட்டு லென்ஸ் என்றால் முகம் சுளிக்கவேண்டாம்.

மோனோஃபோக்கல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத் தெளிவாகக் காட்டும். வழக்கமாகத் தூரத்துக்கு வைப்பார்கள், வாசிக்கக் கண்ணாடி போடவேண்டும். டோரிக் என்றால் கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரையும் சேர்த்துச் சரிசெய்வது. மல்டிஃபோக்கல் தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஆனது; கண்ணாடித் தேவை ரொம்பக் குறையும். ஆனால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையும்.

வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும், ராத்திரி லாரி ஓட்டுகிறவருக்கும், நட்சத்திர வெளிச்சத்தில் வள்ளம் இறக்குகிறவருக்கும் மல்டிஃபோக்கல் வேண்டாம் என்பது என் எண்ணம். பகலில் கடையில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கு அது பிடிக்கலாம். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்குப் பெரும்பாலும் டாக்டரே வேண்டாம் என்பார். பால் வெட்டுகிறவருக்கு இன்னொரு சங்கதி. மரத்தின் பட்டை கைநீள தூரத்தில் இருக்கிறது. தூரத்துக்கு லென்ஸ் வைத்தால் வெட்டு விழும் ஆழம் மங்கும். இதை டாக்டரிடம் கையை நீட்டிக் காட்டியே சொல்லுங்கள். அவருக்கு ரப்பர் தோட்டம் பழக்கம் இல்லாமல் இருக்கலாம்.

வாழ்நாள் முழுக்க மைனஸ் 3 பவர் போட்டு, ராத்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பைபிளோ கந்தசஷ்டிக் கவசமோ வாசித்துப் பழகியவர்களும் முன்னாலேயே பேசவேண்டும். தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டால் அந்தச் சுகம் போய்விடும். அவர்களுக்குக் கிட்டத்துக்கே லென்ஸை வைத்து, தூரத்துக்குக் கண்ணாடி கொடுக்கலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

பேக்கேஜ் தொகை சொல்லும்போது, அதில் லென்ஸ், சோதனை, சொட்டு மருந்து, திரும்பக் காட்டும் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். லென்ஸின் பெயரும் அதில் இருக்கட்டும்.

அறுவை நாளும் அதற்குப் பிறகும்

மயக்கம் கொடுத்துத் தூங்க வைக்க மாட்டார்கள். சொட்டு மருந்தாலோ கண்ணுக்குப் பக்கத்தில் போடும் ஊசியாலோ மரத்துப்போகும். வெளிச்சம் தெரியும், குரல் கேட்கும். இருமல் வருவது போல் இருந்தால் அடக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், டாக்டர் கையை எடுத்துக்கொள்வார். நடுவில் திடீரென்று இருமுவதுதான் ஆபத்து. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கட்டுப் பிரித்த அன்று பெரியம்மை முதலில் பார்த்தது தன் மடியைத்தான். "இந்தச் சேலை நீலமா மக்கா? பச்சைன்னுல்லா உடுத்திட்டு வந்தேன்" என்றார். புரை மஞ்சளாகப் படிந்தால் நீல நிறத்தைத் தின்றுவிடும். நாலு வருடமாக அந்தச் சேலை அவருக்குப் பச்சை.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் திரும்புகிறவர்கள் சன்னல் ஓரத்தில் உட்காரவேண்டாம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றும் காற்று. கண்ணில் மண்ணை அள்ளிப் போட அதற்கு நேரமாகாது. கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

சொட்டு மருந்து சுமார் ஆறு வாரம், வாராவாரம் குறைத்துக்கொண்டு வரவேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு. குப்பியின் நுனி கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். காலண்டர் தாளில் நேரத்தை எழுதி, விட்ட உடனே கோடு போடுவது எங்கள் வீட்டு முறை. டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டாம், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கண்ணைத் தேய்க்கக் கூடாது, விறகடுப்புப் புகைப் பக்கம் போகக் கூடாது. தூங்கும்போது கண் மேல் மூடியை ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் கொஞ்சம் உறுத்தல் இருக்கும், பயமில்லை. வலி கூடிக்கொண்டே போவது, கண் இன்னும் சிவப்பது, பீளை வருவது, தெரிந்த பார்வை மங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், போகவேண்டும். கண்ணுக்குள் கிருமி போயிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மின்னல் வெட்டுவது போலவோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலவோ தெரிந்தால் விழித்திரை விலகுகிறது என்று சந்தேகப்பட்டு உடனே ஓடுங்கள்.

கடல் தொழிலாளிகளுக்கு ஒரு யோசனை. அறுவைக்குப் பிறகு ஒரு மாதமாவது உப்புத்தண்ணீர் படக் கூடாது. விசைப்படகில் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி நாள் குறித்தால் வருமானம் போகாது. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. பால் வெட்டுகிறவர்கள் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி கழற்ற நினைக்கும் பிள்ளைகளுக்கு

கல்யாணப் பேச்சு வந்ததும் லாசிக் ஞாபகம் வருவது நம் ஊரில் சகஜம். வயது 18 தாண்டி, ஒரு வருடமாவது பவர் மாறாமல் நிற்கவேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சோதனைக்குச் சில நாள் முன்பே கழற்றிவிடவேண்டும். எத்தனை நாள் என்பது லென்ஸைப் பொறுத்தது.

கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். செதுக்குவது இதிலிருந்துதான். மெலிந்த கருவிழி என்றாலோ, கூம்பாகத் துருத்தும் நோயின் சாயல் படத்தில் தெரிந்தாலோ லாசிக் செய்யக் கூடாது. கருவிழியைப் படம் எடுக்காமல் தேதி கொடுக்கும் இடத்தில் செய்யாதீர்கள். "உனக்குச் சரிப்படாது" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால், சரிப்படும் என்று சொல்லும் டாக்டரைத் தேடி அலையாதீர்கள்.

லாசிக்கில் கருவிழியின் மேல்படலத்தை மூடி போலத் திறந்து, கீழே செதுக்கி, மூடிவிடுகிறார்கள். மறுநாளே தெரியும். கண் காய்ந்துபோவது சில மாதம் இருக்கும். பிஆர்கே முறையில் மூடி கிடையாது. மூன்று நாலு நாள் நல்ல வலி, பார்வை தெளியச் சில வாரம். ஸ்மைல் முறையில் சின்னக் கீறல் வழியாக மெல்லிய வில்லையை உருவி எடுக்கிறார்கள். தூத்தூர்ப் பக்கம் பந்து விளையாடும் பையன்களும் அடிமுறைச் சண்டை பழகுகிறவர்களும், மூடி இல்லாத இந்த இரண்டைப் பற்றிக் கேளுங்கள்; கண்ணில் அடிபட்டால் லாசிக் மூடி விலகலாம். பவர் ரொம்பக் கூடுதல் என்றால் கருவிழியைத் தொடாமல் உள்ளே ஒரு லென்ஸ் வைக்கும் ஐசிஎல் இருக்கிறது.

வேலைக்கு எழுதுகிறவர்கள் அறிவிக்கையை வாசித்த பிறகே கண்ணைத் தொடவும். ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. ராணுவம், கப்பல் வேலைகளுக்குத் தனித்தனி விதி இருக்கிறது. நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து எப்படியும் வரும், லாசிக் அதைத் தடுக்காது.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, 7.5 பவருக்குக் குறைவான பார்வைக் குறைக்கான சிகிச்சையைப் பாலிசிகள் ஏற்பதில்லை. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு லாசிக் கைக்காசுதான். புரைக்குக் கிடைக்கும், ஆனால் வழக்கமாகப் பாலிசி எடுத்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கவேண்டும், ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பும் இருக்கும்.

லாசிக் செய்கிறவர்கள் செய்வதற்கு முந்தைய பவர், கருவிழி அளவு எல்லாம் உள்ள தாளைத் தூரப் போடாதீர்கள். முப்பது வருடம் கழித்து உங்களுக்கும் புரை வரும். செதுக்கிய கருவிழியை வைத்து லென்ஸ் பவர் கணக்கிட்டால் தப்பிப்போக வாய்ப்புண்டு, அப்போது அந்தப் பழைய தாள் உதவும். புரை எடுத்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். ஒட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பெரியம்மை தன்னுடையதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டிருக்கிறார். அடுத்த கண்ணுக்கு நாள் குறிக்கப் போனபோது அவரே அதை எடுத்து நீட்டி, "இதே லென்ஸ் போதும் பிள்ளே. இதுல லேசர் உண்டுமா இல்லியா, அதை மட்டும் சொல்லு" என்று கவுண்டரில் கேட்டார்.